கெட்டுப்போன ஜூஸ்

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர், "இடது வரிசை வோட்கா கலந்தது, சிவப்பு ஸ்ட்ரா போடுங்க. வலது வரிசை வெறும் ஆரஞ்சு ஜூஸ், பச்சை ஸ்ட்ரா" என்றார். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவருடைய இடது எனக்கு வலது. எதிரெதிரே நின்று கைகுலுக்கிய எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கு அது உறைத்தபோது தலைமைக் கணக்காளர் பாட ஆரம்பித்திருந்தார்.

அவர் சிரித்தே அந்த ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் பார்த்ததில்லையாம். காபிகூடத் தொடாத மனுஷன். அன்று மதியம், ஓய்வு பெறும் சகா ஒருவரின் பிரிவு விருந்தில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாலாட்டை உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. பச்சை ஸ்ட்ரா போட்ட இன்னொரு கிளாஸை நான் யாரிடம் நீட்டினேன் என்பதுதான் பிரச்சினை. குடியை விட்டுவிட்ட ஓர் இன்ஜினியரிடம். அவர் மறுபடி தொடுகிறாரா என்று கவனிப்பதற்காகவே எனக்கு வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு போ டையும் மாட்டி, கையில் தட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பார்த்துவிட்டு வா என்றார்கள். நான் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அனுப்பியவர் என் மாமா. என் அக்காவைக் கட்டிக்கொண்டதோடு, அக்காவின் கண்ணீருக்குப் பயந்து என்னையும் உதவியாளனாகக் கட்டிக்கொண்டவர். துப்பறிவதில் புலி. நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்வதில் மட்டும் பாம்பு. "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டால், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டே கல்யாணமான நாளிலிருந்து தப்பித்து வருகிறார். எனக்கு அவர் வைத்த பெயர் ஸ்பீக்கர். காரணம் சொல்லத் தேவையில்லை. சொன்னால் நீளும்.

விருந்து மண்டபத்தின் பின்வாசலில் கார் நின்றது. போ டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் முன்சீட்டில் விழுந்தேன்.

"மாமா, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு."

"சின்னதுன்னு யார் சொன்னா?"

"நான்தான்."

"அப்ப பெருசுதான். சொல்லு."

சொன்னேன். இடதையும் வலதையும் சொன்னேன். தாலாட்டைச் சொன்னேன். இன்ஜினியர் அந்தக் கிளாஸை வாங்கிப் பெரிதாக ஒரு மடக்கு விழுங்கியதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"விட்டவங்களுக்கு ஒரு வாய் போதுமாம் மாமா, மறுபடி பிடிச்சுக்குமாம். அந்த ஆள் பொண்டாட்டிகூட நிம்மதியா இருக்காரு. நான் போய் அவர் வாழ்க்கையில ஊத்திட்டேனே!"

மாமா வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் திட்டாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

"விழுங்கிட்டு என்ன பண்ணாரு?"

"முகத்தைச் சுளிச்சாரு."

"என்ன சொன்னாரு? நீ சொல்ற மாதிரி இல்ல, அவர் சொன்ன மாதிரி."

நான் யோசித்துச் சொன்னேன். "'தம்பி, இந்த ஜூஸ் கெட்டுப்போயிருக்கு போல. மருந்து வாசனை அடிக்குது. வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க, பாவம்.' அப்படின்னு கிளாஸைத் தட்டுல வச்சிட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாரு."

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபத்தைத் தேடினேன். இல்லை. தொலைந்த சாவி சட்டைப் பையிலேயே கிடைத்தவரின் முகம் அது.

"ஸ்பீக்கர், நீ ஒரு முட்டாள்."

"தெரியும் மாமா."

"இன்னைக்கு மட்டும் நல்லதுக்கு முட்டாளா இருந்திருக்க."

"ஏன் மாமா?"

"ஏன்னு நினைக்கிற?"

வண்டி கிளம்பியது. இதுதான் நான் சொன்ன பாம்பு.

இன்ஜினியரின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் நடுவில், இரண்டு வேலிகளுக்குள் ஓர் உள்கட்டிடம். அங்கே என்ன செய்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்தால் எங்களையும் உள்ளே வைத்துவிடுவார்கள். அதற்குள் வேலை செய்யப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். இன்ஜினியரின் வாழ்நாள் கனவு அந்த வேலை. அனுமதிக்கு மனுப் போட்டவர்களின் பின்னணியை விசாரித்துச் சொல்வது எங்கள் பிழைப்பு.

அவர் பின்னணியில் ஒரே ஒரு கறை. சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைச் சாயங்காலம், அவருடைய கார் குடியிருப்பின் சுற்றுச்சுவரில் போய் முட்டியது. யாருக்கும் அடி இல்லை. "குடிச்சிருந்தேன், தப்பு என்னோடது" என்று அவரே அலுவலகத்தில் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டார்கள். போன வாரம் மாமா விசாரித்தபோதும் அதையே சொன்னார். அதோடு குடியை விட்டுவிட்டதாகவும், நூலகத்துக்குப் பின்னால் சமூகக்கூடத்தில் நடக்கும் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்கு வாராவாரம் போவதாகவும் சொன்னார்.

அவர் இன்னும் விட்டபடியே இருக்கிறாரா? அன்று சாயங்காலத்துக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

"மாமா, எங்க போறோம்?"

"அவர் இப்ப எங்க இருக்கணும்?"

"இன்னைக்குத்தான் அந்தக் கூட்டம். அங்க இருக்கணும்."

"அப்புறம் எதுக்குக் கேட்கிற?"

செல்போன் அலறியது. நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி. ஸ்பீக்கரில் போடாமலே காருக்குள் எதிரொலிக்கும் குரல் அவருக்கு. "அறிக்கை எங்க? ஆபீஸ் மூடறதுக்குள்ள வேணும். சந்தேகம்னா சந்தேகம்னு எழுதுங்க, நிராகரிச்சிட்டுப் போயிட்டே இருக்கலாம்!"

"வந்துட்டே இருக்கு" என்று மாமா போனை என்னிடம் நீட்டினார். "சார்ஜ்ல போடு. செத்துக்கிட்டு இருக்கு."

போட்டேன். என் நிலைமையும் அதுதான், என்னை எதில் போடுவது என்று தெரியவில்லை.

"மாமா, நான் கொடுத்த வோட்காவால அவருக்கு அனுமதி போயிடுமா?"

"போன வாரம் அவர்கிட்ட, 'எப்படிக் குடிப்பீங்க?'ன்னு நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஐஸ் போட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மெல்ல மெல்லக் குடிப்பேன்னாரு."

"எந்தக் கடையில வாங்குவீங்கன்னேன்."

"எங்க கிடைக்குமோ அங்கன்னாரு."

மாமா சிக்னலில் வண்டியை நிறுத்தினார். சிவப்பு. எனக்கு அந்த நிறத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

"குடியில மாட்டுனவன்கிட்ட கேட்டுப் பாரு மாப்ளே. எந்தக் கடை சீக்கிரம் திறக்கும், எந்தக் கடைக்காரன் பொண்டாட்டிகிட்டப் போட்டுக் கொடுக்க மாட்டான், பாட்டிலைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி எப்படிச் சொருகலாம்னு சொல்லுவான். இந்த மனுஷன் ஜன்னலைச் சொன்னாரு. ஐஸைச் சொன்னாரு. சினிமாவுல பார்த்ததைச் சொன்னாரு."

எனக்கு முதுகு சில்லிட்டது. கார் ஏசி வேலை செய்து பல மாதம் ஆகிறது, அதனால் காரணம் அதுவல்ல.

"குடியை விட்டவர் வோட்காவை ஒரு வாய் விழுங்கினா..."

"அலறியடிச்சுத் துப்பியிருப்பாரு. இல்ல, மிச்சத்தையும் முடிச்சிருப்பாரு. ஜூஸ் கெட்டுப்போச்சு, பாவம்னு சொல்ல மாட்டாரு."

"அப்ப அவர் குடியை விடவே இல்லையா?"

"விடறதுக்கு முதல்ல பிடிச்சிருக்கணுமேடா!"

பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

சமூகக்கூடத்தின் வாசலில் ஐந்தாறு கார்கள் நின்றன. மாமா தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுக்கினார். அந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று வெளியே சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்ஜினியர் உள்ளே இல்லை.

வேப்பமர நிழலில் தன் காருக்குள் சீட்டைச் சாய்த்துப் போட்டு, மடியில் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்திருந்தார். பழகின ஆள் காத்திருக்கும் தோரணை. கார், பக்கத்து சீட்டின் கதவு கூடத்தின் வாசலைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. அந்தச் சீட்டில் ஒரு குட்டி மெத்தை. மெத்தைமேல் திறந்து வைத்த பிஸ்கட் பாக்கெட்.

"வெட்கப்பட்டு உள்ள போகாம இருக்காரோ?" என்றேன் நப்பாசையில்.

"பிஸ்கட் யாருக்கு?"

பதில் கூடத்துக்குள் இருந்தது. யாரையோ அழைத்து வந்து, உள்ளே விட்டுவிட்டு, வெளியே காத்திருக்கிறார். வாராவாரம் இங்கே வருகிறேன் என்றது உண்மைதான். உள்ளே போகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை, நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

"அவரோட சம்சாரம்" என்றேன். "அவங்கதான் நிலையத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர். அன்னைக்கு வண்டியை ஓட்டினது..."

"வாயை மூடு."

மாமா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் என்னை "மூடுறியா?" என்று கேட்கிற ரகம்.

"கவனமாக் கேளு. குடிச்சா அனுமதி கிடைக்காதுன்னு ஊர்ல நினைக்கிறாங்க. தப்பு. குடிச்சேன், மாட்டினேன், வைத்தியம் பார்த்தேன், விட்டேன்னு சொல்றவனை உள்ள விடுவாங்க. அவனை யாரும் மிரட்ட முடியாது, ரகசியமே இல்லையே. பொய் சொல்றவனைத்தான் விட மாட்டாங்க. அந்தப் பொய் தெரிஞ்ச எவன் வேணா நாளைக்கு வந்து, 'உள்ள இருக்கிற ரகசியக் காகிதத்தைக் கொடு, இல்லேன்னா வெளிய சொல்லிடுவேன்'னு கழுத்தைப் பிடிக்கலாம்."

"அவர் பொண்டாட்டிக்காகச் சொன்ன பொய் மாமா அது."

"அதனாலதான் அந்தக் கழுத்துக் கயிறு இன்னும் கெட்டி."

"அப்ப போச்சா?"

முதல் தடவையாக மாமா நேரான கேள்விக்கு நேரான பதில் சொன்னார். "ஒரு வழி இருக்கு. நாம முகத்துக்கு நேரா கேட்கறதுக்கு முன்னாடி, அவரே வாயைத் திறந்து 'நான் சொன்னது பொய்'னு திருத்திட்டா, அதை நல்லெண்ணமா எடுத்துக்குவாங்க. கேட்ட பிறகு ஒப்புக்கிட்டா, மாட்டினதால சொன்னான்னு ஆயிடும். அதனால நாம அவரைக் கேட்கக் கூடாது. குத்திக்காட்டக் கூடாது. எல்லார்கிட்டயும் கேட்கிற அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும்தான் கேட்கலாம்."

"அதுக்கும் அவர் இல்லேன்னு சொன்னா?"

"நமக்குத் தெரிஞ்சதை அறிக்கையில எழுதாம விட முடியுமா?"

முடியாது. அது நாங்கள் சொல்லும் பொய்யாகிவிடும்.

"மாமா, நான் வண்டியிலேயே இருக்கேன். என் வாயைப் பத்தி எனக்கே தெரியும்."

"இறங்கு."

இன்ஜினியர் மாமாவைப் பார்த்ததும் பதறிக் கீழே இறங்கினார். குறுக்கெழுத்துப் புதிர் சரிந்து மண்ணில் விழுந்தது. மாமா அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"சும்மாதான் சார். அறிக்கையை இன்னைக்கு முடிக்கிறேன். கடைசியா எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்போம், போன தடவை விட்டுப்போச்சு. நீங்க ஏற்கனவே சொன்னதுல மாத்தணும், சேர்க்கணும்னு ஏதாவது இருக்கா?"

இன்ஜினியரின் கண்கள் கூடத்து வாசலுக்குப் போய் வந்தன. "மாத்தறதுக்கு என்ன சார் இருக்கு? நீங்க கேட்டதுக்கெல்லாம் சொன்னேனே."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"அதான் சொன்னேனே சார், எல்லாம் சொல்லியாச்சு."

நாக்கைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பேச்சுவழக்கில் அல்ல, நிஜமாகவே. வலித்தது.

கூடத்தின் கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, அழுது முகம் கழுவின கண்கள். நேராக எங்களை நோக்கி வந்தார். பாதி வழியில் எங்களைப் பார்த்து நடை தயங்கியது.

"யாருங்க இவங்க?"

"ஆபீஸ் விஷயம்மா. நீ உட்காரு" என்றார் இன்ஜினியர்.

மாமா சட்டைப் பையில் கைவிட்டு, "ஒரு நிமிஷம், போன் வருது" என்று சாலையோரமாக நகர்ந்தார். காதில் கையை வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். என்னை அங்கே தனியாக விட்டுவிட்டு. பட்டாசுக் கடையில் தீக்குச்சியை விட்டுவிட்டுப் போன மாதிரி.

இன்ஜினியர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு என் கழுத்தை. போ டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

"நீங்க... மதியம் ஜூஸ் கொடுத்த தம்பிதானே?"

கேட்கக் கூடாது என்றுதான் மாமா சொன்னார். கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எனக்கு இன்னொரு பொய் சொல்ல வரவில்லை. அங்கே ஏற்கனவே இருந்த பொய்யே போதுமானதாக இருந்தது.

"ஆமா சார். நான் இவரோட ஆள்தான். சார், என்னை மன்னிச்சிடுங்க. அந்த ஜூஸ் கெட்டுப்போகல. நான்தான் வரிசையை மாத்தி எடுத்துட்டேன். அதுல வோட்கா கலந்திருந்துச்சு. குடியை விட்ட மனுஷனுக்கு என் கையால..."

அந்த அம்மாவின் பை தோளிலிருந்து நழுவியது.

"குடியை விட்ட மனுஷனா? யாரு?"

என் வாய். என் ஒலிபெருக்கி வாய். அவர் எங்களிடம் என்ன சொல்லியிருந்தார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன், காப்பாற்றுங்கள் என்று. அவர் இன்னும் முதுகைக் காட்டியபடி தலையாட்டித் தலையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். அவர் போன் காரில் சார்ஜில் கிடந்தது. காதில் வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கூடு.

"அதுவா அந்த மருந்து வாசனை?" என்றார் இன்ஜினியர். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். "மருந்து வாசனைன்னு நினைச்சீங்களா? எனக்குக் கிளாஸ் பக்கத்துல வரும்போதே தெரிஞ்சிருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரிஞ்சிருக்கும்."

"நீ வண்டியில ஏறு. வீட்டுல பேசிக்கலாம்."

"அன்னைக்குச் சுவர்கிட்ட ஓடி வந்து, 'நீ தள்ளிக்கோ, நான் பார்த்துக்கறேன்'னீங்க. என் வேலை போயிடும்னு பயந்தீங்க. சரி, அது ஒரு நாள் பொய்னு இருந்தேன். இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கீங்களா? இவங்ககிட்டயுமா?"

இன்ஜினியர் கதவுக் கைப்பிடியைத் தேடினார். கை அதன்மேல் இருந்தும் தேடினார்.

"நான் வாராவாரம் உள்ள போய், முன்னபின்ன தெரியாதவங்க முன்னாடி எழுந்து நின்னு உண்மையைச் சொல்லிட்டு வர்றேங்க. சொல்லிட்டு வந்தாத்தான் அன்னைக்கு ராத்திரி தூங்க முடியுது. நான் அங்க சொல்லச் சொல்ல நீங்க இங்க வெளிய உட்கார்ந்து எனக்காகப் பொய்யைக் காவல் காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"உன் பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா..."

"தெரியட்டும். போனா இன்னொரு பள்ளிக்கூடம். நான் குடிச்சதை நான் சொல்லிக்கறேன். நீங்க எடுத்துக்காதீங்க."

அவர் அழவில்லை. பையை எடுத்துத் தட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, மெத்தை மேலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, ஒன்றைக் கடித்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். நான் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. வண்டியை ஓட்டியது யார் சார்? குடித்திருந்தது யார் சார்? எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. அவற்றில் ஒன்று வழுக்கினாலும் அந்த மனுஷனின் உள்கட்டிடம் அதோடு போச்சு. என் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான வேலை, அந்த ஆயிரத்தையும் விழுங்கிவிட்டு, எல்லாரிடமும் கேட்கும் அந்த ஒன்றை மட்டும் எடுப்பதுதான்.

"சார்" என்றேன். குரல் கீச்சென்றது. "நீங்க ஏற்கனவே சொன்னதுல மாத்தணும், சேர்க்கணும்னு... ஏதாவது இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். சாலையோரத்தில் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு பேசிக்கொண்டிருந்த மாமா பேச்சை நிறுத்தினார். ஆனால் திரும்பவில்லை.

இன்ஜினியர் மனைவியைப் பார்த்தார். அவர் சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட்டை மென்றபடி, முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வருகிற எண்ணம் அவருக்கு இல்லை. இந்த முறை அவர் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"இருக்கு" என்றார் இன்ஜினியர். "நான் ஒருநாளும் குடிச்சதில்ல தம்பி. வண்டியை ஓட்டினதும் நான் இல்ல. அன்னைக்கு ஆபீஸ்ல சொன்னதும் பொய், போன வாரம் உங்ககிட்ட சொன்னதும் பொய். எழுதிக்கோங்க."